மேலுக்கு ஒரு கை

எங்கள் மலையில் படியைத் தலைதட்டி அளப்பது சாவு வீட்டு அரிசிக்கு மட்டும்தான். களத்தில் சாமை அளக்கும்போது படி கோபுரமாக நிற்க வேண்டும். அதற்கு மேலும் ஒரு கை அள்ளிப் போட வேண்டும். போடாத வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள்.

சந்தவாசல் பக்கம் கடை வைத்திருந்த வியாபாரிக்கு இந்த வழக்கம் அத்துப்படி. எங்கள் சாமையை வாங்கும்போது குவித்து அளப்பார். "மேலுக்கு ஒரு கை போடும்மா, உங்க வழக்கமாச்சே" என்று வாய் நிறையச் சொல்வார். அதே கடையில் நாங்கள் அரிசி வாங்கினால், உள்ளங்கையால் படியின் தலையை ஒரே வழி வழித்துவிடுவார். முதல் படியை 'லாபம்' என்று சொல்லி எண்ணுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். அவர் வாயில் மட்டும் அந்தச் சொல் தனியாக இனிக்கும். எனக்கு வயிறு எரியும். நான் கொஞ்சம் கோபக்காரி. நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தால், "வுடு, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று என் கணவர் இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

அந்த வியாபாரியை விட்டால் எங்களுக்கும் வேறு வழி இல்லை. சாமையை அரிசியாக்கினால்தான் வெளியூரில் வாங்குவார்கள். உரலில் குத்தி வீட்டுக்குச் சோறாக்குவதற்குள்ளேயே தோள்பட்டை கழன்றுவிடும். விற்பதற்கு எங்கே குத்துவது? உமியோடு அப்படியே அவரிடம் கொட்டிவிட்டு வருவோம்.

போன வருடம் எங்கள் ஊர்ப் பெண்கள் குழுவுக்குத் தோல் நீக்கும் மெஷின் வந்தது. அந்த அறுவடையில் ஒரு மணிகூட அந்தக் கடைக்குப் போகாது என்று குழுவில் முடிவெடுத்தோம். முடிவெடுத்தது பெரும்பாலும் என் வாய்தான். வேலூரில் சிறுதானியக் கடை வைத்திருக்கும் ஒருவர், அரிசி நன்றாக இருந்தால் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாக போனில் சொன்னார். சேதி வியாபாரியின் காதுக்கும் போனது. "தாராளமா வித்துப் பாருங்க. திரும்பி வந்தா என் படிதான், நான் சொல்ற விலைதான்" என்று சொல்லி அனுப்பினார்.

ஊர்ச் சாமை முழுவதும் அரிசியாகி ஒரே அறையில் மூட்டையாக அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றையும் எலக்ட்ரானிக் தராசில் நானே ஒரே அளவாக எடை போட்டேன். யாரையும் கிட்டே விடவில்லை. என் நாத்தனாரும் மற்றப் பெண்களும் பக்கத்து அறையில் கோணி ஊசியால் வாய் தைத்தார்கள்.

வேலூர்க்காரர் அமிர்தி வழியாக டெம்போவில் வந்தார். கூடவே தன் தராசையும் கொண்டுவந்திருந்தார். முதல் மூட்டையை ஏற்றினார், எடை கூடியிருந்தது. இரண்டாவதும் கூடியிருந்தது, ஆனால் வேறு கணக்கில். மூன்றாவதை ஏற்றியதும் அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா இது? ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி காட்டுது. தண்ணி கிண்ணி தெளிச்சீங்களா?"

"எடை கொறஞ்சாத்தான் கேப்பாங்க. கூடினதுக்கும் கேக்கறீங்களே" என்றேன். குரல் எனக்கே அதிகமாகப் பட்டது.

"கொறஞ்சா கேட்டு வாங்கிக்கலாம். கூடினாத்தான் பயமா கீது. ஈரம் இருந்தா கடையில பூஞ்சை பிடிச்சிரும். வேணாம்மா, நான் கெளம்பறேன்."

டிரைவர் வண்டிக் கதவைத் திறந்தே விட்டார். அந்த வண்டி காலியாக இறங்கினால், அடுத்த வாரமே நாங்கள் எல்லோரும் சந்தவாசலில் அந்தப் படிக்கு முன்னால் நிற்க வேண்டும்.

அப்போது கையில் கோணி ஊசியோடு நாத்தனார் வெளியே வந்தாள். "நான்தான் போட்டேன். மேலுக்கு ஒரு கை" என்றாள்.

"எடை போட்டதுக்கு அப்புறமா?"

"பின்ன? போடாம வாய் தைக்கச் சொல்றியா? சாவு வூட்டுக்கா அனுப்பறோம்?"

மற்றவர்களைப் பார்த்தேன். தைத்தவர்கள் எல்லோருமே போட்டிருந்தார்கள். எல்லோர் கையும் ஒரே அளவாகவா இருக்கும்?

வேலூர்க்காரர் ஒரு மூட்டையைப் பிரித்து, அடிவரை கையை விட்டு அள்ளினார். நாலு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். 'டக்'கென்று சத்தம் எங்களுக்கே கேட்டது. இன்னும் இரண்டு மூட்டையைப் பிரித்துக் கடித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"என் சர்வீஸ்ல, கூட இருக்குதுன்னு சண்டை போட்டது இதான் மொத தடவை. எல்லாத்தையும் ஏத்துப்பா" என்றார். மேலே போட்ட அரிசிக்கும் சேர்த்து விலை தருகிறேன் என்றதற்கு நாத்தனார் ஒப்பவில்லை. "கையால போட்டதை எடை போடக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். டெம்போ வளைவில் மறையும்வரை நாங்கள் நின்று பார்த்தோம். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. இதை என் கணவரிடமே சொல்லியிருக்கிறேன்.

இந்த வருடம் அறுவடை முடிந்ததும் சந்தவாசல் வியாபாரி மலையேறி வந்தார். சாமை அரிசி இருக்கிறதா என்று கீழே எல்லோரும் கேட்கிறார்களாம். கையில் பை, பைக்குள் அதே படி. நாத்தனார் அதை வாங்கிச் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டுத் தராசைக் காட்டினாள். எடை போட்டோம், சரியாக இருந்தது. அவர் மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேலுக்கு ஒரு கை போடறது உங்க வழக்கமாச்சே" என்றார் மெதுவாக.

இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் நாத்தனார் குனிந்து, அவள் கை கொள்ளும் மட்டும் அரிசியை அள்ளி மூட்டையில் போட்டாள்.

"அப்பல்லாம் உங்க படியில நீங்களா எடுத்துக்கினீங்க அண்ணே. இது நாங்களா குடுக்கறது" என்றாள்.

அவர் மூட்டை வாயைத் தானே கட்டித் தூக்கிக்கொண்டு போனார். படியை எடுத்துப்போக மறந்துவிட்டார். திரும்பக் கேட்டு ஆளும் வரவில்லை. கோழிக்குத் தீனி அள்ள அது எங்களுக்கு வசதியாக இருக்கிறது.