செல்வரத்தினம் மாஸ்டரின் புதன்கிழமை வகுப்பு

கொட்டாஞ்சேனையில் நான் படிப்பிக்கும் பாடசாலைக்குத் திங்கட்கிழமை காலை ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. வெள்ளவத்தையிலிருந்து எங்கள் சபைப் போதகர் பேசினார். செல்வரத்தினம் மாஸ்டர் நித்திரையிலேயே காலமாகிவிட்டார் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இனி வேதவகுப்பு நடத்த யார் இருக்கிறார்கள் என்று என்னிடமே கேட்டு அங்கலாய்த்தார். எனக்கு வந்த அழுகை அப்படியே நின்றுவிட்டது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மருதானையில் ஓர் ஆங்கிலப் பாடசாலையில் சரித்திரம் படிப்பித்தவர். கல்லூரியில் அவரும் நானும் ஒரே வாங்கில் அருகருகே இருந்து படித்தோம். வேதபாடத்தில் முதற்பரிசு எப்போதும் அவருக்குத்தான். வெள்ளவத்தைச் சபையில் புதன்கிழமை வேதவகுப்புத் தொடங்கியபோது, அதை நடத்தத் தரும்படி நான் வாய்விட்டுக் கேட்டேன். அவர் கேட்கவேயில்லை. அவருக்கே கொடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது.

யுத்த காலத்தில் ஒருநாள் வகுப்பில் ஒரு கேள்வி எழுந்தது. புதிய ஏற்பாடு ஒரே புத்தகமாகச் சேருமுன், ஆதிச் சபையார் யாருடைய சொல்லை நம்பினார்கள்? நான் எழுந்து, ஆண்டவரோடு இருந்த அப்போஸ்தலர்கள், அவர்கள் கைவைத்து நியமித்த சபைக் கண்காணிகள், அவர்களுக்குப் பின் வந்தவர்கள் என்று விரிவாக விளக்கினேன். இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். மாஸ்டர் கொஞ்சம்தான் பேசினார்.

"கொரிந்து பட்டணத்துச் சபையில ஒரு அடிமைப் பெண் இருந்தவள் எண்டு வையுங்கோ. வாசிக்கத் தெரியாது. ஒருத்தர் வந்து பிரசங்கம் பண்ணுறார். 'நீர் ஆண்டவரைக் கண்டனீரோ? இல்லாட்டி, கண்ட ஆளோட இருந்தனீரோ?' எண்டுதான் அவள் முதல்ல கேட்டிருப்பாள்."

நான் சொன்னதன் சாரமும் அதுதான். ஆனால் எல்லோரும் அவரைப் பார்த்துத்தான் தலையாட்டினார்கள்.

அன்று என்னோடு ஸ்டேஷன் வரை நடந்து வந்தார். "நீர் என்னில எரிச்சல்படுறீர், எனக்குத் தெரியும்" என்றார். "மற்றவை தலையாட்டுவினம். நீர் பிழை பிடிப்பீர். அதாலதான் உம்மைப் பக்கத்தில வச்சிருக்கிறன்." அவர்மேல் கோபப்படக்கூட அவர் எனக்கு இடம் வைக்கவில்லை.

சென்ற மாதம் அவர் நோயில் படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். அறையில் வேறு ஒருவரும் இல்லை. வகுப்பைப் பற்றிப் பேச்செடுத்தார். என் பெயரைச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ எங்கள் ஞாயிறு பாடசாலையில் சிறுவர்களுக்குப் படிப்பிக்கும் ரூத் டீச்சரின் பெயரைச் சொன்னார்.

"உயிர்த்த ஆண்டவரை முதல்ல கண்டது ஒரு பொம்பிளைதானே. எனக்குப் பிறகு வகுப்பை அவ எடுக்கட்டும்."

கனத்தை மயானத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டுத் திரும்பும்போது, போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வகுப்பை இனி நானே நடத்தவேண்டும் என்றார். பிறகு, "அவர் வருத்தமாக் கிடக்கேக்க நீங்கள் போய்ப் பார்த்தனீங்கள்தானே. இதைப்பற்றி ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். மறுத்துரைக்க உலகத்தில் ஒருவரும் இல்லை. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னேன். போதகர் என் கையை விட்டுவிட்டு, ரூத் டீச்சரைத் தேடிப் போனார்.

மண்ணுக்குள் போன பிறகும் என்னை முந்திவிட்டீர், செல்வரத்தினம். நிம்மதியாய் உறங்கும்.