இணைச்சீருக்கு வரவேண்டியவள்

மகன் கல்யாணத்தைப் புதுச்சேரியில் வைக்க வேண்டும் என்று ராசாத்தாள் சொன்னபோது வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை. பேசப் பயந்தார்கள். ஒன்பது வருஷமாக அந்த ஊரின் பெயரை அந்த வீட்டுக்குள் யாரும் சொன்னதில்லை. டிவியில் கடல் வந்தால் அவள் புருஷன் குமாரசாமி எழுந்து போய் சேனலை மாற்றிவிடுவார்.

மூத்தவள் சண்முகப்பிரியா கல்லூரித் தோழிகளோடு புதுச்சேரிக்குப் போனவள். முட்டளவுத் தண்ணீரில்தான் நின்றிருந்தாள் என்று தோழிகள் சொன்னார்கள். ஒரு அலை வந்தது. அது திரும்பிப் போனபோது அவள் நின்ற இடத்தில் யாரும் இல்லை. மீனவர்கள் தேடினார்கள், போலீஸ் தேடியது. உடல் கிடைக்கவில்லை. காரியம் செய்துவிடலாம் என்று குமாரசாமி ஆள் கூப்பிட்டபோது, எதை வைத்துச் செய்வீர்கள் என்று ராசாத்தாள் கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

பங்காளிகள் வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்கள். கடலோரத்தில் கல்யாணம் வைப்பது இப்போது எல்லோருக்கும் ஆசை. பெண் வீடு பொள்ளாச்சி, மாப்பிள்ளை வீடு கோயமுத்தூர் கணபதி, தாலி கட்ட மட்டும் பாண்டிக்குப் போக வேண்டுமா என்று சிரித்தார்கள். லேத்துப் பட்டறைக்காரன் பெண்டாட்டிக்கு வந்த கொழுப்பைப் பாருங்கள் என்று ஒருத்தர் சொன்னது அவள் காதுக்கே வந்தது. மணப்பெண் சைத்ராவுக்கு மட்டும் சந்தோஷம். கடற்கரையில் போட்டோ எடுக்கலாம் என்று அவள் தோழிகளுக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

மகன் சபரீஷ் ஒரே ஒரு தடவை காரணம் கேட்டான். ராசாத்தாள் அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அத்தனை தொலவு அவளால வர முடியாது கண்ணு. அங்கன்னா அவளுக்குப் பக்கம்."

சபரீஷ் பம்பு கம்பெனியில் அதிர்வு சோதிக்கிற இன்ஜினியர். எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவான். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனான்.

ராசாத்தாள் பிறந்தது சென்னிமலைப் பக்கம். கல்யாணமாகிக் கணபதிக்கு வந்தபோது வீட்டின் முன்பாதி பட்டறை, பின்பாதி சமையலறை. லேத்து ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவள் குரல் பெரிதாகிவிட்டது. கோயிலில் அவள் ரகசியம் பேசினால் பூசாரி திரும்பிப் பார்ப்பார் என்று கேலி செய்வார்கள். இரண்டு பிள்ளைகளையும் இரும்புத்தூள் மிதிக்காமல் வளர்ப்பதே அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது. மகள் போன பிறகு அவள் குரல் தணிந்துவிட்டது. பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி பேசினாள். லேத்து ஓடும்போதும் அப்படித்தான். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

மற்றபடி அவளுக்கு எந்தக் கோளாறும் இல்லை. சொந்தத்தில் ஒரு காதுகுத்து, ஒரு கருமாதி விடமாட்டாள். எழவு வீட்டுக்குப் போனால் அழுது ஓய்ந்தவர்களுக்குக் காபி கலப்பது அவள்தான். தான் மட்டும் அழுததில்லை. தீபாவளிக்கு நான்கு பேருக்கும் துணி எடுப்பாள். நான்காவதைப் பிரிக்காமல் பீரோவில் வைப்பாள்.

கொங்குக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முந்தின நாள் மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவளோடு ஒரு சீர் உண்டு. இணைச்சீர் என்பார்கள். அக்காளோ தங்கையோ மணப்பெண் மாதிரியே அலங்கரித்துக்கொண்டு, கூறைப்புடவை வைத்த மூங்கில் பேழையைச் சுமந்து வருவாள். புடவையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். விடிந்தால் வேறொருத்திக்குப் புருஷனாகப் போகிறவன் இன்றைக்கு வரை இவளோடு பிறந்தவன் என்று சபைக்குக் காட்டுகிற சீர். உடன்பிறந்தவள் இல்லாதவனுக்குச் சித்தப்பன் மகள் நிற்கலாம். குமாரசாமியின் தம்பி மகள் கனிஷ்கா இருந்தாள். அவளை நிறுத்திவிடலாம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அக்கா வரும்போது அவள் எதற்கு என்றாள் ராசாத்தாள்.

சீர்களை நடத்தித் தருகிற பெரியவரை அருமைக்காரர் என்பார்கள். தேதி குறித்த பிறகு அவர் கணபதிக்கு வந்தார். மோரைக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அம்மணி, ரெண்டுல ஒண்ணு சொல்லிப்போடு. புள்ள இருக்குதா, இல்லையா? இருக்குதுன்னா வந்து நிக்கட்டும். இல்லீன்னா கன்னிக்குப் புடவை வெச்சுக் கும்பிட்டுப்போட்டுத்தான் இன்னொரு புள்ளைய நிறுத்தோணும். ரெண்டும் இல்லாம நா சீர் செய்ய மாட்டேன்."

கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணைக் குடும்பம் கன்னியாக வைத்துக் கும்பிடும். புதுப்புடவை, வளையல், சீப்பு, மஞ்சள் எல்லாம் படைத்து வீட்டுத் தெய்வமாக்கிவிடுவார்கள். ஆனால் அதற்கு முதலில், பிள்ளை செத்துவிட்டது என்று பெற்றவள் வாயால் வர வேண்டும். குமாரசாமி பெண்டாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்து நிப்பாளுங்க" என்றாள் ராசாத்தாள்.

அதன்பிறகு அவள் மும்முரமாக வேலை பார்த்தாள். புதுச்சேரிக்குப் போய்க் கடலுக்கு ஒரு தெரு தள்ளி மண்டபம் பிடித்தாள். மேனேஜர் நாகூர் மீரான் ஜெனரேட்டர், சமையல்கூடம், கார் நிறுத்துமிடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மாடியில் கடலைப் பார்த்த அறை ஒன்றை மகளுக்கென்று தனியாக எழுதிக்கொள்ளச் சொன்னாள். பெயர் கேட்டார். சொன்னாள்.

இணைச்சீருக்கு மகளுக்கு ரவிக்கை தைக்க வேண்டும். கோட்டைமேட்டு சாஜிதா பேகத்திடம் பழைய அளவு ரவிக்கையைக் கொடுத்து, வருஷமாகிவிட்டது, உள்ளே துணி விட்டுத் தையுங்கள் என்றாள். பெண் எங்கோ வெளியூரில் இருக்கிறாள் என்று சாஜிதா நினைத்துக்கொண்டாள். சொன்ன நாளில் வாங்கப் போனபோது அவள் ரவிக்கையை மடித்துக்கொண்டே, பெண் முந்தாநாளே வந்து போட்டுப் பார்த்துவிட்டுப் போனதே, வீட்டில் சொல்லவில்லையா என்று கேட்டாள். கை கொஞ்சம் பிடித்ததாம். பிரித்துத் தைத்துக் கொடுத்தாளாம்.

ராசாத்தாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தலை ஈரமா இருந்துச்சுங்களா?"

"ஆமாங்க. குளிச்சவாக்குல வந்துருக்கும்போல. உக்காந்த எடமெல்லாம் சொட்டிக் கெடந்துச்சு."

வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னாள். இத்தனை தொலைவும் வந்துவிட்டாளே என்றாள். அப்பா கனிஷ்காவை ரகசியமாக அனுப்பியிருப்பார் என்று சபரீஷ் நினைத்தான். குமாரசாமிக்கும் அப்படி ஒரு யோசனை இருந்தது உண்மைதான். ஆனால் அவர் இன்னும் கேட்கவே இல்லை. கனிஷ்கா அந்த வாரம் முழுக்கப் பரீட்சை எழுதிக்கொண்டு பெருந்துறையில் விடுதியில் இருந்தாள். இதை அவர் போனில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் பட்டறைக்குப் போய் ஓடாத லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் பஸ் புதுச்சேரி போய்ச் சேர்ந்தது. நல்ல வெயில். மாடி அறைச் சாவியைக் கேட்டபோது நாகூர் மீரான் ரிஜிஸ்டரைப் பார்க்காமலே, அந்தம்மா விடியும்போதே வந்து வாங்கிக்கொண்டார்கள் என்றார். ராசாத்தாள் முகம் மலர்ந்தது. சபரீஷ் அவளுக்கு முன்னால் படியேறிப் போனான். கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. கட்டில் விரிப்பில் ஒருவர் உட்கார்ந்து எழுந்த பள்ளம். அது நனைந்திருந்தது. சபரீஷ் மேலே ஏசியைப் பார்த்தான். அதிலிருந்து ஒழுகியிருக்கும் என்றான். ஏசி கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. ராசாத்தாள் விரிப்பை மாற்ற விடவில்லை.

இணைச்சீர் சாயங்காலம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபம் முழுக்க ஆட்கள் துண்டை விரித்துத் தூங்கினார்கள். பேன்கள் மட்டும் சுற்றின. ராசாத்தாள் பெண்ணுக்குப் பூ கொடுக்க சைத்ராவின் அறைக்குப் போனாள். சைத்ரா மருதாணிக் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, உங்க ஊட்டு அக்கா ஒருத்தங்க வந்தாங்க. மாப்பிள்ளைக்கு அக்கா முறைன்னாங்க. ரொம்ப மரியாதையாப் பேசுனாங்க. கூறைப்புடவை நாளைக்கு உங்களுக்குத்தானே, இன்னைக்கு நா எடுத்துக்கட்டுங்களான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே அம்மணி?"

"சரீங்கன்னேன். பாவம், கை அவ்ளோ சில்லுன்னு இருந்துச்சு."

ராசாத்தாள் தன் அறைக்குப் போய்ப் பேழையைத் திறந்தாள். உள்ளே பழமும் தேங்காயும் இருந்தன. கூறைப்புடவை இல்லை. இவ்வளவு நாளும் இந்த நிமிஷத்துக்குத்தானே காத்திருந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. மகள் வந்துவிட்டாள், புடவையை எடுத்துக்கொண்டாள். சந்தோஷப்படலாம் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இணைச்சீர்ப் புடவையைத் தனியாக யாரும் பிடிப்பதில்லை. அதற்கு இரண்டு முனை உண்டு.

சபரீஷ் எங்கே என்று கேட்டாள். தூங்கி எழுந்தவர்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். பட்டுவேட்டியோடு வெளியே போனதைக் கண்டதாகச் சமையல்காரர் சொன்னார்.

தெருவைக் கடந்தபோது தார் சுட்டது. செருப்பு போட மறந்திருந்தாள். கடற்கரையில் அந்த நேரத்தில் ஆளே இல்லை. அலைகூடப் பெரிதாக இல்லை. மகன் இடுப்பளவுத் தண்ணீரில் கடலைப் பார்த்து நின்றிருந்தான். அவன் வலது கையில் கூறைப்புடவையின் ஒரு முனை இருந்தது. அங்கிருந்து புடவை தண்ணீருக்கு மேலே நேர்கோடாகப் போய், சற்றுத் தள்ளி அலைக்குள் இறங்கியது. தொய்வே இல்லை. கொடிக்கயிறு மாதிரி விறைப்பாக இருந்தது.

ராசாத்தாள் தண்ணீரில் இறங்கினாள். கடலைத் தொட்டது அவள் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அருகில் போய் அவன் தோளைப் பிடித்தாள். அவன் திரும்பவில்லை. அலுவலகத்தில் பேசுவதுபோல நிதானமாகத்தான் பேசினான்.

"அக்கா சீரை இங்கியே வெச்சுக்கலாம்ங்குதும்மா. மண்டபத்துல அதுக்கு மூச்சு முட்டுதாமா."

"வா சாமி, போலாம்."

"நா விட்டா அது மறுபடியும் போயிருமேம்மா."

சொல்லிக்கொண்டே ஓர் அடி முன்னால் வைத்தான். அவளும் அவனைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி போனாள். புடவை அப்போதும் விறைப்பாகவே இருந்தது. அவன் நடக்க நடக்க அந்தப் பக்கம் யாரோ சுருட்டிக்கொண்டே போனார்கள். ராசாத்தாள் அவன் கைக்கு முன்னால் புடவையைப் பற்றினாள். மறுமுனையில் இருந்த பிடியை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. சின்ன வயதில் கடைத்தெருவில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்த அதே பிடி. இழுத்தால் இழுக்கும். விட மாட்டாள்.

ஒன்பது வருஷமாக அவள் கேட்டதெல்லாம் இந்தப் பிடி ஒன்றைத்தான். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. மகனின் கால் தரையை விட்டுத் தூக்குவதை உணர்ந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் பயமே இல்லை.

"அம்மணி" என்று கடலைப் பார்த்துச் சொன்னாள். "நீ செத்துப்போயிட்டே அம்மணி. உன்னைக் கூப்பிட்டது நாந்தான். தம்பியை உட்ரு."

எதுவும் நடக்கவில்லை. அவள் மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை கடலிடம் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"எம்புள்ள செத்துப்போச்சு."

புடவை தொய்ந்தது. இருவரும் பின்னால் விழுந்தார்கள். அலை அவர்களைக் கரைப் பக்கமாகத் தள்ளியது. புடவை முழுதாக அவர்கள் மேல் வந்து படர்ந்தது.

பாறையில் சிக்கியிருந்தது, எடுக்கப் போனேன் என்று சபரீஷ் மற்றவர்களிடம் சொன்னான். அந்த இடத்தில் வெறும் மணல்தான். சாகும்வரை ராசாத்தாள் அதைப் பற்றி அவனிடம் கேட்கவில்லை. போன பங்குனியில் அவளை எரித்துவிட்டு வந்த பிறகுதான், கேட்டிருந்தால் சொல்லியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

அன்றைக்குக் கூறையை நல்ல தண்ணீரில் அலசி, மொட்டைமாடி வெயிலில் நான்கு பேர் பிடித்துக் காயவைத்தார்கள். அருமைக்காரர் எதுவும் விசாரிக்கவில்லை. ஈரத்தோடு வந்து நின்ற ராசாத்தாளைப் பார்த்துவிட்டு, மஞ்சளும் சீப்பும் கண்ணாடியும் வாங்கிவர ஆளை அனுப்பினார். மாடி அறையில் கிழக்குப் பார்த்து ஒரு மணைப்பலகை போட்டார்கள். மகளுக்கென்று கொண்டுவந்திருந்த புதுப்புடவையை அதில் மடித்து வைத்து, மேலே ரவிக்கையையும் வளையலையும் வைத்தார்கள். விளக்கேற்றினார்கள்.

கன்னி தெய்வம், பெற்றவர்களும் விழுந்து கும்பிட வேண்டும் என்றார் அருமைக்காரர். குமாரசாமி சட்டையைக் கழற்றிவிட்டு விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. சபரீஷ் தூக்கிவிட்டான். ராசாத்தாள் சிறிது நேரம் நின்றாள். தான் குளிப்பாட்டிப் பால் கொடுத்து வளர்த்தவளின் காலில் விழுவதற்கு உடம்பு வணங்கவில்லை.

"நல்லா இருக்கோணும்னு கேட்டுக்க அம்மணி" என்றார் அருமைக்காரர் மெதுவாக. "இனிமே அது குடுக்கற எடத்துல இருக்குது."

ராசாத்தாள் விழுந்தாள். நெற்றி தரையில் படக் கிடந்தாள். என்ன கேட்டாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. பிறகு கையூன்றி எழுந்து, மடியைத் தட்டிவிட்டு, கனிஷ்காவுக்குத் தலை பின்னிவிடக் கீழே போனாள்.