காலடி மண்

இந்த நாட்டில் ரோட்டுத் தூசியை அள்ளுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். திருச்சியில் அதே தூசியை வருடக்கணக்கில் இலவசமாகத் தின்றவள் நான். பேருந்து நிலைய வடைக்கு அங்கே அதுதான் உப்பு. கல்யாணமாகி மலாய் நாட்டுக்கு, கோல சிலாங்கூருக்கு வந்த பிறகு, தெருத் தூசியில் என்ன உலோகம், என்ன கிருமி என்று பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. பிளாஸ்டிக் தூரிகை, சின்ன முறம், ஒரு பை. இவ்வளவுதான் விஞ்ஞானம்.

அன்று புக்கிட் ரோத்தானில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் உறுமிப்போகும் சாலையோரம், வசந்தி அக்காவின் வடைக் கடை முன்னால் குந்தி அள்ளிக்கொண்டிருந்தேன். அக்கா கரண்டியோடு வெளியே வந்தார்.

“ஏ பொண்ணு, எங்க காலடி மண்ண ஏன் அள்ளுற லா? எதுத்த கடைக்காரி அனுப்புனாளா?”

“செய்வினை இல்லக்கா. கிருமி இருக்கான்னு பாக்கத்தான்.”

“கிருமியா? என் கடையிலயா?”

பேசாமல் சூனியக்காரியாகவே இருந்திருக்கலாம். ஒரு வாளித் தண்ணீரை விசிறினார். என் செருப்பும் ஆராய்ச்சியும் சேறாயின. மறுவாரம் போனபோது கடை வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. எனக்காகத்தான். அக்கா அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து அள்ளிக்கொண்டு ஓடிவந்தேன்.

முடிவு வந்தது. ஈயம், டயரும் பிரேக்கும் தேய்ந்த துகள், அதோடு குடலில் வாழும் கிருமிகள். கடைக்குப் பின்னால் அடைத்துக்கொண்ட சாக்கடை மழைக்கு ரோட்டில் ஏறுகிறது. காய்ந்ததும் லோரிக் காற்றில் பறந்து, திறந்த வடைத் தட்டில் உட்காருகிறது. அக்காவிடம் போய்ச் சொன்னேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

“அதான் எம் பாப்பாவுக்கு அடிக்கடி வயித்தால போவுதா?”

“தெரியலக்கா. இருக்கலாம். வடைய மூடி வைங்க.”

அந்த வாரமே கண்ணாடிப் பெட்டி வந்தது. அக்கா அதோடு நிற்கவில்லை. வாசல் மண்ணைப் பொட்டலம் கட்டி, நகராண்மை அலுவலகத்தில் மேசைமேல் வைத்துவிட்டார். மலாய்க்கார அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, “இது மந்திரமா?” என்று கேட்டாராம்.

“இல்ல. உங்க ரோடு” என்றாராம் அக்கா.

சாக்கடையை வழித்துவிட்டார்கள். பாப்பாவும் இப்போது தேவலை. நேற்று போனபோது, பெட்டிக்குள்ளிருந்து ஒரு வடையை எடுத்து நீட்டினார் அக்கா.

“தின்னு. உங்க ஊரு ரோடு இவ்ளோ மோசமா இருக்காதுல்ல?”

வாய் நிறைய வடை. பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அந்நேரம் பார்த்துத் திருச்சியிலிருந்து அம்மா அழைத்தாள்.

“உங்க ஊர்ல ஒரே புழுதியாமே? மூக்க மூடிக்கிட்டுப் போடி.”

ஒரு லோரி கடந்து போனது. இரண்டு ‘உங்க ஊரு’க்கும் நடுவில் நின்று தும்மினேன்.