பத்து நிமிஷக் கயிறு

அன்றைக்கு லேபில் இரண்டாம் ஆண்டுப் பெண்கள் திருகாணிகளை அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் கையிலிருந்து சின்னத் திருகாணி ஒன்று நழுவி மேசைக்கு அடியில் ஓடியது. பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் லேப் உதவியாளர். தொலைந்த சாமானைத் தேடுவதும் என் வேலைதான். புடவையைச் செருகிக்கொண்டு குனிந்தேன், முட்டி போட்டேன், கடைசியில் தரையிலேயே உட்கார்ந்து கையை நீட்டி எடுத்துவிட்டேன். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

ஒரு கையைத் தரையில் ஊன்றினேன். முழங்கால் மடங்கியது, நிமிர மாட்டேன் என்றது. மேசைக் காலைப் பிடித்தேன், மேசை நகர்ந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "இருங்க மேம், இருங்க மேம்" என்று இரண்டு பேர் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். இன்னொருத்தி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். நான் சிரித்தேன், அவர்களும் சிரித்தார்கள். அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் பயம் வந்தது.

என் அப்பாவும் அம்மாவும் உடுமலைப்பேட்டைப் பக்கம் தோப்புகளில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். "என்ற மக ஃபேனுக்கடியில உக்காந்து வேலை பாக்கறா" என்று அம்மா சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லுவாள். அப்படிச் சொல்லச் சொல்ல நானும் உட்கார்ந்தேன். லேபில் உட்கார்ந்தேன், காலேஜ் பஸ்ஸில் உட்கார்ந்தேன், வீட்டுக்கு வந்தால் டி.வி. முன்னால் உட்கார்ந்தேன்.

அன்று ராத்திரி ஃபோனில் அம்மாவிடம், "நாளையிலிருந்து ஏதாவது எக்சர்சைஸ் செய்யலாம்னு இருக்கேன்" என்றேன்.

"அதெல்லாம் வேலை இல்லாதவங்க செய்யற வேலை கண்ணு" என்றாள். "ஊட்ட ரெண்டு தடவ கூட்டு, செரியாப் போயிரும்."

வீட்டை நான் ஏற்கெனவே இரண்டு தடவைதான் கூட்டிக்கொண்டிருந்தேன்.

நான் கீழே உட்கார்ந்த சேதி மறுநாள் டீ நேரத்துக்குள் ஆபீசுக்குப் போய்விட்டது. எங்கள் துறை ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், கோட்டைமேட்டுக்காரர். வீட்டுக்காரருக்கு அங்கே பாத்திரக் கடை. எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். லேபுக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"ஏனுங்க அம்மணி, எந்திரிக்க முடியலீங்களாமா?"

"ஆமாங்கக்கா."

"எனக்குச் சுகர் வந்திருக்குது. இங்க யாருகிட்டயும் சொல்லல. மாத்திரையோட சேத்து எக்சர்சைஸும் பண்ணோணும்னு டாக்டரு கண்டிசனாச் சொல்லிப்போட்டாரு. தனியாச் செய்ய வெக்கமா இருக்குது. நீங்களும் வந்தீங்கன்னா நானும் வாரேன்."

இரண்டு பேருமாக பி.டி. மேடத்தைப் பார்க்கப் போனோம். கல்லூரிப் பெண்களுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ஓடச் சொல்லுவார், இல்லை என்றால் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லுவார் என்று பயந்துகொண்டே போனோம். அவர் இரண்டும் சொல்லவில்லை.

"பத்து நிமிஷம் போதுங்க. ஆனா தினமும் செய்யணும். ஒரு நாள் ஒரு மணி நேரம் போட்டு அடிச்சுட்டு மீதி நாளெல்லாம் படுத்துக்கிட்டா பிரயோஜனமில்லை. நாப்பதுக்கு மேல சதை தானாக் கரைய ஆரம்பிக்கும். வேலை குடுத்தாத்தான் தங்கும். வலிச்சாச் சொல்லுங்க, தலை சுத்தினா நிறுத்துங்க. மத்தபடி பயப்படாதீங்க."

கடைசி பெல் அடித்ததற்கும் காலேஜ் பஸ் கிளம்புவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் உண்டு. அதுவரை அந்த நேரத்தில் நாங்கள் பஸ்ஸில் இடம் பிடித்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்போம். அந்த இடைவெளியை எடுத்துக்கொண்டோம். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஜெனரேட்டர் ரூமை ஒட்டி ஒரு வேப்பமரம். ஆண்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். ஆளுக்கு ஒரு நாற்காலி. கையை ஊன்றாமல் எழுந்து நிற்க வேண்டும், மெதுவாக உட்கார வேண்டும். பிறகு சுவரில் கை வைத்துத் தள்ள வேண்டும். குதிகாலைத் தூக்கி நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

முதல் நாள் அவ்வளவே எங்களுக்கு மலையாக இருந்தது. மறுநாள் பஸ் படியில் ஏறும்போது இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று ஒரே நேரத்தில் சொன்னோம். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கினார்.

சில வாரத்தில் வலி போய்விட்டது, அலுப்பு வந்துவிட்டது. "இந்த நாற்காலில எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்து எனக்குப் பைத்தியமே புடிச்சுப்போயிருமுங்க" என்றார் அக்கா. அன்றைக்குப் பி.டி. மேடம் ஸ்டோர் ரூமைத் திறந்து வைத்திருந்தார். மூலையில் பழைய வடக்கயிறு ஒன்று சுருண்டு கிடந்தது. ஸ்போர்ட்ஸ் டேயில் கயிறு இழுக்கும் போட்டிக்கு வைத்திருந்தது. அக்கா அதைக் காட்டி, "அதை இழுத்தா எக்சர்சைஸ் ஆகாதா?" என்று கேட்டார்.

பி.டி. மேடம் கயிற்றைத் தூக்கி வந்து வேப்பமரத்தில் ஒரு முனையைக் கட்டினார்.

"கையால இழுக்காதீங்க. கை வெறும் கொக்கி மாதிரி. கையை நீட்டியே வெச்சு, முதுகை வளைக்காம, பின்னால சாஞ்சு, காலால தரையைத் தள்ளுங்க."

சாய்ந்தேன். குதிகால் மண்ணில் பதிந்தது, கயிறு இறுகியது. மரம் எங்கே அசையும்? ஆனால் தொடையிலிருந்து இடுப்புக்கும் முதுகுக்கும் ஒரு பலம் ஏறி வந்தது. அது என்னிடம் இருந்தது என்றே எனக்குத் தெரியாது. காது சூடாகிவிட்டது. பக்கத்தில் அக்கா முக்காட்டை இறுக்கி ஊசி குத்திக்கொண்டு பல்லைக் கடித்தபடி சாய்ந்திருந்தார். மேடம் விடச் சொன்னதும் இரண்டு பேரும் மண்ணில் பொத்தென்று உட்கார்ந்தோம். "இன்னொரு தடவை மேடம்" என்று நான்தான் கேட்டேன்.

கயிறு வந்த பிறகு ஆள் சேர்ந்துவிட்டது. லைப்ரரியில் இருந்து ஒருவர், பரீட்சைப் பிரிவில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறவர், பிறகு லெக்சரர்கள் சிலர். எல்லாருமே நாற்பது தாண்டியவர்கள், எல்லாருக்குமே ஏதாவது ஒன்று வலித்தது. முதலில் நாற்காலிப் பயிற்சி, அது முடித்தால்தான் கயிறு. பஸ் ஹாரன் அடித்தால் கயிற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடுவோம். ஓடுவோம் என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எதற்கும் ஓடியதில்லை.

வீட்டிலும் தெரிய ஆரம்பித்தது. எங்கள் கிரைண்டர் பழைய காலத்துப் பெரிய கிரைண்டர். மாவு ஆட்டி முடித்ததும் கல்லைத் தூக்கி வெளியே வைப்பது என் வீட்டுக்காரர் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்துக்கொண்டிருந்தார். காத்திருக்கப் பொறுமையில்லை. காலை அகட்டி நின்று, முதுகை நேராக வைத்து, கல்லைத் தூக்கித் தொட்டிப் பக்கம் வைத்துக் கழுவிவிட்டேன்.

துண்டோடு வந்தவர், "கல்ல யாரு எடுத்தது?" என்றார்.

"நாந்தான்."

"ஒத்தையிலயா?"

கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். குனிந்தே இருந்து அவருக்கும் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அன்று மாலை, "அது என்ன, அந்த நாற்காலி வேலை? காட்டு பாக்கலாம்" என்றார். காட்டினேன். என்னைவிட அவருக்குத்தான் கஷ்டமாக இருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

ஸ்போர்ட்ஸ் டே வந்தது. பெண் ஊழியர்களுக்கான கயிறு இழுக்கும் போட்டியில் நாங்கள் யாரும் அதுவரை பெயரே கொடுத்ததில்லை. கொடுத்து என்ன ஆகப்போகிறது? வருஷா வருஷம் ஜெயிப்பது ஹாஸ்டல் சமையல்கட்டுக்காரர்கள். அண்டாவைத் தூக்கி இறக்குகிற கைகள், நாளெல்லாம் நிற்கிற கால்கள். அந்த வருஷம் அக்கா யாரையும் கேட்காமல் எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டார்.

முதல் சுற்றில் எங்களுக்கு எதிரே இருந்தவர்கள் இள வயது லெக்சரர்கள். செல்ஃபி எடுத்துக்கொண்டே வந்தார்கள். விசில் அடித்ததும் நாங்கள் பழக்கத்தில் சாய்ந்தோம். கயிறு எங்கள் பக்கம் சரசரவென்று வந்துவிட்டது. மரத்தை மட்டுமே இழுத்துப் பழகிய எங்களுக்கு, எதிர்ப்பக்கம் நகரும் என்பதே புதுசு. நிறையப் பேர் தடுமாறிப் பின்னால் விழுந்தோம். விழுந்தபடியே கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

இறுதிப் போட்டி சமையல்கட்டோடு. மூன்று இழுப்பு, இரண்டு ஜெயித்தவர்களுக்குக் கோப்பை. முதல் இழுப்பில் என்ன நடந்தது என்று சொல்லவே ஒன்றுமில்லை. விசில் கேட்டது, அடுத்த நொடி என் வாயில் மண் இருந்தது. மைதானம் முழுக்கச் சிரிப்பு.

அக்கா எங்கள் வரிசையின் கடைசி ஆள், கயிற்றை இடுப்பில் சுற்றியவர். எங்களைக் கூப்பிட்டு, "அவங்க வெடுக்குனு இழுத்துப் போடறாங்க. நாம இழுக்க வேண்டாம். மரம் மாதிரி நிக்கலாம். நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் இழுக்காதீங்க" என்றார்.

நின்றோம். விசில் அடித்ததும் அந்தப் பக்கம் இருந்து வந்த இழுப்பில் என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. குதிகாலை மண்ணில் புதைத்துக்கொண்டேன். கயிற்றின் நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணி அவர்கள் பக்கம் ஒரு சாண் போய், அங்கேயே நின்றது. எதிரே முன்னால் நின்ற பெண்மணியின் முகம் எனக்கு நேராக இருந்தது. அதில் முதலில் ஆச்சரியம் தெரிந்தது, பிறகு கோபம், பிறகு அவருக்கு மூச்சு வாங்கியது. அவர்கள் பிடி கொஞ்சம் தளர்ந்ததைக் கயிறே என் உள்ளங்கைக்குச் சொன்னது. பின்னாலிருந்து அக்கா, "இப்ப" என்றார்.

ஒரு அடி. இன்னொரு அடி. சிவப்புத் துணி எங்கள் பக்கம் வந்துகொண்டே இருந்தது. மாணவிகள் கத்த ஆரம்பித்தார்கள். திருகாணி விழுந்த அன்று என்னைத் தூக்கிவிட்ட இரண்டு பெண்களும் "மேம், மேம்" என்று தொண்டை கிழியக் கூவுவது கேட்டது. கோடு தாண்டிவிட்டது என்று விசில் அடித்த பிறகும் நாங்கள் இழுத்துக்கொண்டிருந்தோம். சமையல்கட்டு அணி எங்கள் கல்லூரியில் ஒரு இழுப்பைத் தோற்றது அதுதான் முதல் தடவையாம்.

மூன்றாவது இழுப்பில் தோற்றோம். ஆனால் சும்மா தோற்கவில்லை. துணி இங்கும் அங்குமாகப் போய்வந்து, என் தொடை நடுங்கி, கண்ணில் வேர்வை இறங்கி, அக்கா "இருங்க, இருங்க" என்று கெஞ்சி, அதற்கப்புறம் தோற்றோம். கையெல்லாம் சிவந்திருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குதிக்க வேண்டும் போலிருந்தது.

கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சமையல்கட்டுத் தலைவி எங்களிடம் வந்தார். எனக்கு நேர் எதிரே நின்றவர் அவர்தான். கருமத்தம்பட்டிக்காரர், முன்னால் தறி ஓட்டியவர்.

"ஏனுங்க, போன வருசமெல்லாம் நீங்க வரவேயில்லீங்களே. எங்க இருந்துங்க வந்துச்சு இந்த வலு?"

வேப்பமரத்தையும் பத்து நிமிஷத்தையும் சொன்னோம். நம்பவில்லை. அக்கா தன் சுகரைப் பற்றியும் அங்கேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

தலைவி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "அரிசி மூட்டையத் தூக்கிருவனுங்க. ஆனா காத்தால எந்திரிச்சா இடுப்ப நிமுத்த முடியறதில்ல. இத்தன வருசமா வேலைக்குத்தான் ஒடம்பக் குடுத்தேன். ஒடம்புக்குன்னு ஒண்ணுமே செஞ்சதில்லீங்க. நாங்களும் வரலாமுங்களா?"

எனக்கு அப்போது அம்மா ஞாபகம் வந்தது. அவளும் இதே மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் நிற்பாள்.

திங்கட்கிழமை மூன்று பேர் வந்தார்கள். வெங்காயம் நறுக்கிய கையோடு வந்து, பஜ்ஜி போடும் நேரத்துக்குத் திரும்பி ஓடினார்கள். அவர்களுக்குப் பி.டி. மேடம் கயிறு கொடுக்கவில்லை. இடுப்பை வளைத்து நீட்டுகிற பயிற்சி, மல்லாந்து படுத்துக் காலை மடக்குகிற பயிற்சி. "மல்லாக்கப் படுக்கறதுக்கெல்லாமா ஒரு ஸ்கூலு" என்று சொல்லிக்கொண்டே படுத்த தலைவி, முடிந்ததும் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடியபடி, "இன்னும் ஒரு நிமிசம் இருக்கேனுங்க, நெம்ப நல்லாருக்குது" என்றார்.

இப்போது எனக்கு வயது ஐம்பது. முட்டி வலி முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கும். ஆனால் இரண்டாவது மாடிக்கு லிஃப்டைத் தேடுவதில்லை, படுத்தால் தூக்கம் வருகிறது. அக்காவுக்கு டாக்டர் மாத்திரையைக் குறைத்திருக்கிறார். அதற்காக ஆபீஸ் முழுக்க மைசூர்பாக் வாங்கி வந்தார், தான் ஒரு துண்டுகூடத் தொடாமல்.

இந்த வருஷம் அணிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்திருக்கிறார்கள். தினமும் ஒன்றாகவே பயிற்சி செய்கிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நின்று இழுத்தால் என்ன சுவாரஸ்யம் என்று பி.டி. மேடம் கேட்டார். நியாயம்தான். சமையல்கட்டுத் தலைவி என் அணிக்கு வந்துவிட்டார். அக்கா எதிர் அணி.

"சனிக்கிழமை பாருங்க அம்மணி, உங்கள மண்ணக் கவ்வ வெக்கறேன்" என்று நேற்று பஸ்ஸில் ஏறும்போது சொன்னார்.

"பாக்கலாமுங்கக்கா" என்றேன்.

இரண்டு பேருமே கம்பியைப் பிடிக்காமல் ஏறினோம். வழியெல்லாம் அவரை எப்படிக் கவிழ்ப்பது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். நாளைக்குக் கடைசி பெல் எப்போது அடிக்கும் என்று இப்போதே இருக்கிறது.