நாலாவது சூளை

நாலாவது சூளையைப் பற்றவைத்த அன்று தொழிற்சாலையில் எல்லோருக்கும் பிரியாணி போட்டார்கள். அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் மலையை ஒட்டி இருந்த டைல்ஸ் தொழிற்சாலை அது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் டிப்ளமோ முடித்த நான் அங்கே சூளைப் பிரிவில் ஷிஃப்ட் பொறுப்பாளராக இருந்தேன். ஜெனரல் மேனேஜர் மேடையேறி இந்தியில் பேசினார். இந்த நாடு இனிமேல் எண்ணெயை நம்பி இருக்கப்போவதில்லை, இதுபோன்ற தொழிற்சாலைகளால்தான் வளரப்போகிறது, அந்த வளர்ச்சி நீங்கள்தான் என்றார். கை தட்டினோம். காலை ஷிஃப்ட் ஆட்களுக்கு மாற்று ஆள் இல்லாததால், அவர்கள் சாப்பிட்ட கையோடு மறுபடியும் உள்ளே போனார்கள்.

அவர் பேசியதை நான் நம்பினேன். நம்பாமல் இருக்க முடியாது. வாசலில் துபாய்க்குப் போக லாரிகள் வரிசையாக நிற்கும். பெட்டிகளைச் சூடு ஆறுவதற்குள் ஏற்றிவிடுவார்கள். அங்கே கட்டடங்கள் எழும்புகிற வேகத்துக்கு எங்களால் தரையும் சுவரும் கொடுத்து முடியவில்லை.

நான் வந்தபோது இரண்டு சூளைகள்தான் இருந்தன. பிறகு மூன்றாவது, பிறகு நாலாவது. ஒவ்வொன்றும் அதே இத்தாலிய மாடல், அதே மண் கலவை, அதே வெளிர்மஞ்சள் தரை ஓடு. புதிதாக எதையும் நாங்கள் கற்றுக்கொள்ளவில்லை. இருந்ததற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்தோம். அதற்கு ஆள் வந்தது. நாங்கள் தங்கியிருந்த கேம்பில் அறைகள் கூடவில்லை, கட்டில்கள் கூடின. துணி காயப்போட இருந்த மூலையிலும் ஒரு கட்டில் வந்தது.

எனக்குக் கீழ்க்கட்டிலில் ஜெயங்கொண்டம் பக்கத்து அண்ணன் ஒருவர் இருந்தார். பேக்கிங் பிரிவு. முன்பு சவூதியில், தம்மாமில் துறைமுகக் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தவர். ஓவர்டைம் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பெரிய மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் அவர் மனைவி கூப்பிடுவார். அண்ணன் படுத்தபடியே பேசத் தொடங்குவார், ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவார். நெஞ்சின் மேல் கிடக்கும் போனில் அந்த அம்மா பேசிக்கொண்டே இருப்பது மேலே எனக்குக் கேட்கும். ஒரு தடவை நான் இறங்கி, போனை எடுத்து, அண்ணன் தூங்கிவிட்டார் என்று சொன்னேன். தெரியும் என்றார். கொஞ்ச நேரம் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாராம்.

அந்த வருடம் ஜூலையில் கேஸ் தட்டுப்பாடு வந்தது. ஊரில் சொன்னபோது மாமனார் நம்பவில்லை, வளைகுடாவிலா என்று சிரித்தார். நாடு முழுக்க ஏசி ஓடுகிற மாதம். மின்நிலையங்களுக்குக் கொடுத்தது போக மீதிதான் எங்கள் குழாய்க்கு வரும். ஒரு மதியம் பிரஷர் இறங்க ஆரம்பித்தது. பர்னர்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி அணைந்தன. நாலாவது சூளைக்குள் பாதி வெந்த ஓடுகள், அவற்றை நகர்த்திச் செல்லும் உருளைகள் மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடைத்துக்கொண்டன. உருளை நின்றால் அந்தச் சூட்டில் வளைந்துவிடும். அதனால் ஓட்டத்தை நிறுத்தாமல், பக்கவாட்டுத் துளைகள் வழியாகக் கம்பியை விட்டு உடைத்து இழுக்க வேண்டும். வெளியே வெயில், உள்ளே சூளை. பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒருவரால் நிற்க முடியாது.

ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்திக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அண்ணன் கம்பியோடு நிற்கிறார். அவருக்கு அப்போது ஷிஃப்ட் முடிந்திருந்தது, இது அவர் பிரிவும் இல்லை. போய்ப் படுங்கள் என்றேன். கேம்பிலும் கரண்ட் இல்லை என்றார். மாலையில் இரண்டு பேரும் தண்ணீர் கூலர் பக்கம் தரையிலேயே உட்கார்ந்தோம்.  வாடகைக்கு எடுத்த கேஸ் டேங்கர்கள் மறுநாள் வந்தன. அந்த மாத உற்பத்தி குறையவில்லை என்று மேனேஜருக்குத் திருப்தி.

குளிர்காலத்தில் ஐந்தாவது சூளைக்காகக் கடன் கேட்டிருந்தார்கள். அதைப் பரிசீலிக்க வங்கி ஓர் ஆலோசகரை அனுப்பியது. கோயம்புத்தூர்க்காரர், துபாயில் இருந்தார். நிதானமானவர். சுற்றிக்காட்ட என்னை அனுப்பினார்கள். இந்தச் சில வருடங்களில் உற்பத்தி இரண்டு மடங்கு ஆகியிருக்கிறதே, எப்படி என்று கேட்டார். சூளை இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது என்றேன். ஆட்கள் எவ்வளவு என்று கேட்டார். அதைவிடக் கூடத்தான் என்றேன். 

"அப்ப இங்க எதுவும் வளரலைங்க. கூடியிருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. 

பேக்கிங் பிரிவில் அண்ணன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். இன்னும் அதிகம் செய்ய வேண்டுமென்றால் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஆலோசகர் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று தலையசைத்தேன்.

"ரெண்டு நாளு தூங்கணும் சார்" என்றார்.

ஆலோசகர் சிரிக்கவில்லை. சரி என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஐந்தாவது சூளைக்குக் கடன் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக, இருக்கிற நாலையும் நன்றாக ஓட்ட இயந்திரங்கள் வாங்கக் கிடைத்தது. மரப்பெட்டிகளில் வந்தன. ஓடுகளைப் படம்பிடித்துத் தரம் பிரிப்பது ஒன்று, அடுக்கிப் பெட்டி கட்டுவது ஒன்று. நன்றாகவே வேலை செய்தன. உடைசல் குறைந்தது. பேக்கிங்கில் பாதிப் பேர் தேவைப்படவில்லை. முதலாளிக்கே சொந்தமான சிமென்ட் ஆலைக்குப் போகலாம், இல்லையென்றால் ஊருக்குப் போகலாம் என்றார்கள்.

அண்ணன் ஊருக்குப் போவதென்று முடிவெடுத்தார். முகமே தெளிந்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை போனில் அவர்தான் பேசினார். கடைசியில் அந்த அம்மா ஏதோ ஒன்று மட்டும் சொன்னது கேட்டது. வைத்துவிட்டு என் கட்டிலைப் பார்த்தார்.

"பொண்ணுக்கு இன்னும் ஒரு வருசம் இருக்குதாம் தம்பி. எனக்குத் தெரியாதா என்ன?"

மறுவாரம் சிமென்ட் ஆலைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு எப்போதாவதுதான் பார்த்தோம். பார்க்கும்போதெல்லாம் இமை ரோமத்தில் சாம்பல் நிறத் தூசி இருக்கும். மகள் படித்து முடித்தாள். அதற்கு அடுத்து வந்த குளிர்காலத்தில் துபாயில் கட்டுமானம் நின்றது. லாரிகள் வரவில்லை. விற்காத பெட்டிகள் முற்றத்தில் வெயிலில் கிடந்தன. பழைய சூளை இரண்டையும் குளிரவைக்கச் சொன்னார்கள். சிமென்ட் ஆலையிலும் ஆட்களைக் குறைத்தார்கள். அண்ணன் வீடு திரும்பியது அப்படித்தான்.

கிளம்புமுன் போன் செய்து ஒன்று கேட்டார். மகளுக்கு ஷார்ஜாவில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது, அவள் வரும்போது ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்றார். நல்ல சம்பளம், ரூமில் இரண்டே பேர் என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

இரண்டு மாதம் கழித்து ஷார்ஜாவில், ரோலா கடைத்தெருவில் அவளைப் பார்த்தேன். ஊருக்குப் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் வாசலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். அப்பாவின் போட்டோவில் பார்த்திருந்த என்னை அடையாளம் கண்டு சித்தப்பா என்றாள். ஒரு சின்னக் கடையில் டீ குடித்தோம். அப்பா இங்கே என்ன வேலை பார்த்தார், வீட்டில் எதையும் சொன்னதில்லை என்றாள். டைல்ஸ் பேக்கிங், பிறகு சிமென்ட் என்றேன்.

"கஷ்டமான வேலையா சித்தப்பா?"

அந்த ஜூலையைச் சொல்லலாமா என்று யோசித்தேன். நாளைக்கு அவளுக்கு முதல் டூட்டி. அப்பாவுக்கு அங்கே நல்ல பேர், எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும் என்று சொன்னேன். அதுவும் உண்மைதான். அப்படியென்றால் கஷ்டமான வேலைதான் என்றாள். கடைக்காரனிடம் இன்னும் இரண்டு டீ சொன்னாள்.