காலியாகக் கிடந்த நாலாவது டிராக்

ஏற்காட்டில் பாதி வீடுகளில் பீரோவுக்குள் ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஒரு மழைக்காலம் இங்கே தங்கி, பட்டுப்புடவையிலும் கேமராவிலும் பூஞ்சை பிடித்த பிறகு அவர்களே கடையில் பல்பு கேட்பார்கள். பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் பாய் வீட்டு மர அலமாரியிலும் அப்படி ஒரு பல்பு வருஷக்கணக்காக எரிந்தது. அதற்கு அடியில்தான் அந்த ரெக்கார்டர் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் ஓசூரில் ஒரு கம்பெனியில் சால்டரிங் வேலை பார்த்தவள் நான். இப்போது வீட்டு முன்னறையில் மிக்ஸி, கரண்ட் அடுப்பு, ரிமோட் என்று வருவதையெல்லாம் சரி செய்கிறேன். எந்தச் சாமானையும் திறந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. என் வீட்டுக்காரர் இதை ஒரு வியாதி என்கிறார். அதனால், பாய் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்த அந்த மெஷினைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுவென்று வந்துவிட்டது. சாதாரண கேசட்டிலேயே நாலு சத்தத்தை நாலு டிராக்கில் தனித்தனியாகப் பதிந்து, சேர்த்துக் கேட்கலாமாம். சிங்கப்பூரிலிருந்து அவர் மச்சான் கொண்டுவந்து கொடுத்தது.

"டேப் நல்லா ஓடுதும்மா. டிஸ்ப்ளேதான் செத்துப் போச்சு. எந்த டிராக்குல பதியப் போவுதுன்னு அதுலதான் தெரியும். கண்ண மூடிட்டு அமுக்கினா இருக்கறதும் அழிஞ்சிரும்."

"இத்தன வருஷம் கழிச்சு என்னத்த பதியப் போறீங்க பாய்?"

அப்போதுதான் சொன்னார். வாழவந்தியில் காப்பியும் ஆரஞ்சும் வைத்திருக்கும் விவசாயி ஒருவர் அவருடைய கூட்டாளி. சேர்வராயன் கோயில் திருவிழாவில் அவர் பாட ஆரம்பித்தால் கூட்டம் நகராதாம். வாலிபத்தில் இருவருமாக ஒரு பாட்டுக் கட்டினார்கள். முதல் டிராக்கில் பாயின் ஆர்மோனியம், இரண்டாவதில் டோலக், மூன்றாவதில் நண்பர்களின் கோரஸ். நாலாவது அந்தக் கூட்டாளியின் குரலுக்கு. அன்றைக்குப் பார்த்து அவருக்குப் பனியில் தொண்டை கட்டிக்கொண்டது. அப்புறம் பாடிக்கலாம் என்றார்கள். அந்த அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் இழுத்துவிட்டது.

இப்போது அவருக்குத் தொண்டையில் புற்று. திங்கட்கிழமை சேலத்தில் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்கள்.

பாய் கேசட்டை என் மேஜையில் வைத்தார். அவர் வீட்டுக் கேசட்டுகள் எல்லாவற்றிலும் முதுகுப் பக்கத்துச் சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்திருப்பார். உடைத்துவிட்டால் அதன் மேல் யாரும் பதிய முடியாது. இதில் மட்டும் பல் அப்படியே இருந்தது.

திறந்தேன். கரண்ட் சரியாக வந்தது. டிஸ்ப்ளேவுக்குப் போகும் இணைப்புகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் மறுபடி ஈயம் வைத்தேன். கண்ணாடி வெறிச்சென்றே இருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் தெரியாதது எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் மெஷினைத் தூக்கிக்கொண்டு, முடியவில்லை என்று சொல்லக் கடைக்கே போனேன்.

பஜார் முழுக்கப் பனி. பாய் மட்டும் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டரோடு கூலிங் கிளாஸும் விற்கிறார், டூரிஸ்ட்டுகள் பார்த்து வாங்குவதற்காகக் கடைச் சரக்கில் ஒன்றை அவர் எப்போதும் போட்டிருப்பார். மெஷினைப் பிளக்கில் மாட்டிக் காட்டினேன்.

"பாருங்க, ஒண்ணுமே இல்லீங்க."

"எரியுதேம்மா. வரிசையா சைபர் தெரியுது."

"இருக்கற கொஞ்ச நேரத்துல விளையாடாதீங்க பாய்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். போட்டுப் பார்த்தேன். சைபர்கள் கருகருவென்று இருந்தன. தலையைத் தோள் பக்கம் சாய்த்தேன், காணோம். நிமிர்த்தினேன், வந்துவிட்டன. பூம்பூம் மாடு மாதிரி நான் தலையை ஆட்டிக்கொண்டே நிற்க, பாய் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து டீ சொன்னார்.

இந்த வகை டிஸ்ப்ளேவின் மேல் ஒரு மெல்லிய பிலிம் ஒட்டியிருக்கும். அது கெட்டால் எண்கள் உள்ளே இருந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. கண் கூசாமல் இருக்கச் சில கூலிங் கிளாஸ்களில் போடுவதும் அதே சங்கதிதான். நேராகப் பிடித்தால்தான் எண்களைக் காட்டும், சாய்த்தால் மறைத்துவிடும். பல்புச் சூடும் இந்த ஊர் ஈரமும் சேர்ந்து பிலிமை வெளுக்க வைத்திருந்தன. உள்ளே எதுவும் சாகவில்லை.

"டிஸ்ப்ளேவுக்கு நேர் மேலயா பல்ப மாட்டுவாங்க?"

"கிட்ட இருந்தா நல்லாக் காயும்னு நெனச்சேன்மா."

புதுப் பிலிம் சென்னையிலிருந்து வர வேண்டும். அதற்கு நேரம் இல்லை. மறுநாள் பாய் வீட்டில் கூடினோம். கூட்டாளி மப்ளரைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். பாய் கூலிங் கிளாஸோடு கழுத்தைக்கூட அசைக்காமல் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். "நாலுதானுங்களே?" என்று கேட்டேன். நாலுதான் என்றார். நம்பாமல் கண்ணாடியை வாங்கி நானும் பார்த்தேன். தப்பாகப் போனால் மூன்று டிராக்கில் ஒன்று என் கையால் அழியும் என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் அமுக்கினேன்.

டேப் ஓடியது. இரண்டாவது அடியிலேயே அவர் குரல் உடைந்தது.

"நொம்ப மேல இருக்குதுங்க. அந்த வயசு சுருதி. இப்ப எட்டாதுங்க."

டேப்பை நிறுத்தினேன். எனக்கு டேப்பின் வேகத்தைக் குறைக்கும் குமிழ் ஞாபகம் வந்தது. கொஞ்சம் திருப்பினேன். ஆர்மோனியம் மெதுவாகி இறங்கி வந்தது. அவர் தலையாட்டிக்கொண்டு முதலிலிருந்து பாடினார். நடுவில் ஒரு தடவை இருமல் வந்து நிறுத்தினோம். அப்புறம் கடைசி அடி வரைக்கும் போனார்.

குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பிப் போட்டுக் காட்டினேன். டேப் வேகம் எடுக்க, குரலும் கூடவே ஏறியது. கரகரப்பு குறைந்து, வயசும் குறைந்து கேட்டது.

"அன்னிக்கே பாடியிருந்தா இப்படித்தானுங்க இருந்திருக்கும்" என்றார் அவர். பாய் கூலிங் கிளாஸைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது.

பிலிம் பிறகு வந்தது. பழையதைச் சுரண்டி எடுத்துப் புதியதை ஒட்டினேன். ஓரத்தில் ஒரு காற்றுக் குமிழி நின்றுவிட்டது, இன்னும் அது என் கண்ணை உறுத்துகிறது. ஆபரேஷன் முடிந்து உடம்பு தேறியதும், தொண்டையில் துணி கட்டிக்கொண்டு அவர் பாயோடு என் வீட்டுக்கு வந்தார். வெறும் கண்ணுக்கே தெரிந்த எண்களைப் பார்த்தபடி பாட்டு முழுவதையும் கேட்டார்.

முடிந்ததும் கேசட்டுக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். மேஜையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் காட்டினார், அதையும் கொடுத்தேன். கேசட்டைத் திருப்பிப் பிடித்து அந்தப் பல்லை உடைத்தார். உடைந்த துண்டைப் பாயின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினார்.