ஆடு தின்ற கடைசிப் பக்கங்கள்

அந்த ஒரு மாதம் என் மனைவி பிரசவத்துக்காகத் தம்மம்பட்டியில் தாய் வீட்டில் இருந்தாள். எங்கள் ஆறு வயது மகளுக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிச் சில நாட்களே ஆகியிருந்ததால் கூட அனுப்பவில்லை. சோறு பக்கத்து வீட்டில், என் அக்காவிடம். தூங்க வைப்பது மட்டும் என் பாடு.

எனக்குக் கதை சொல்ல வராது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன். அதனால் ஊர் வாசகசாலையிலிருந்து ஒரு கதைப் புத்தகம் எடுத்து வந்தேன். தாயைப் பிரிந்த யானைக்குட்டி மலை மலையாகத் தேடிப் போகும் கதை. நான் நாலாம் வகுப்போடு தறிக்குழியில் இறங்கியவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பகலில் தறியில் உட்கார்ந்தபடியே இரண்டு பக்கம் படித்துப் பழகிக்கொண்டு, மாலையில் அதையே அவளுக்குப் படிப்பேன். யுத்த காலம். நூல் சரியாகக் கிடைக்காததால் பகலில் நேரம் இருந்தது. மண்ணெண்ணெய் கிடைக்காததால் இருட்டினால் விளக்கு இல்லை. வெளிச்சம் போவதற்குள் பாயை வாசற்படி ஓரம் இழுத்துப் போட்டுக்கொள்வோம்.

எவ்வளவு பழகினாலும் தடுக்கும்.

"குட்டி ஆத்துல எறங்குச்சா இல்லீங்களாப்பா? நீங்க ரொம்ப நேரமா கரையிலயே நிக்கறீங்க" என்பாள்.

"இரு சாமி, எழுத்துப் புடிபட வேண்டாமா?"

படித்து முடித்ததும் தினமும் ஒரே கேள்வி. "அது அம்மாகிட்டப் போயிருமாப்பா?" கேட்கும்போது தம்மம்பட்டிக்குப் போகும் கிழக்குப் பக்கம் பார்ப்பாள். போய்விடும் என்றால் ஒப்பமாட்டாள். "நீங்க சொல்லாதீங்க. புத்தகத்துல இருக்குதா?" நான் முன்னால் புரட்டிப் பார்த்ததில்லை. அன்றன்றைய இரண்டு பக்கத்துக்கே என் பகல் சரியாக இருந்தது.

மூன்றாம் வாரம் தையல் விட்டுத் தாள்கள் கழன்றன. கஞ்சி போட்டால் பாவு நூல் விறைத்து நிற்கிறதே, தாளும் நிற்கும் என்று நினைத்தேன். பாவுக்கு வைத்திருந்த அரிசிக் கஞ்சியைத் தடவி, கிழிசல் அதிகமான கடைசித் தாள்களுக்கு இரண்டு தரம் பூசி, பாவு காய்கிற தெருவிலேயே கல் வைத்துப் பரப்பினேன். ஒரு முழம் நெய்துவிட்டு வெளியே வந்தால் அக்காவின் ஆடு மென்றுகொண்டிருந்தது. கடைசி இரண்டு தாளும் போய்விட்டன.

ஆட்டைக் கட்டாத அக்கா என்னைத்தான் ஏசினாள். "கஞ்சியத் தடவி வெயில்ல வெச்சா திங்காம, பின்ன உக்காந்து படிக்குமா?"

வேறு வழியின்றி வாசகசாலைக்குப் போனேன். புத்தகம் எடுத்த அன்றுகூட அலமாரியை விரலால் காட்டி வாங்கியவன் நான். ஐந்தாறு பேர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்கள். வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம், "ஏனுங்க, கடைசியில அந்தக் குட்டி என்னாச்சுங்க?" என்றேன்.

"எந்தக் குட்டிங்க?"

எல்லாப் பத்திரிகைகளும் கீழே இறங்கின. நடந்ததைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார்.

"இங்க ஒருத்தரும் அத முடிச்சதில்லீங்க. உங்க ஆடுதான் கடைசி வரைக்கும் போயிருக்குது. வேணும்னா நீங்களே எழுதிக்கங்க" என்று பழைய நோட்டிலிருந்து இரண்டு வெள்ளைத் தாள் கிழித்துக் கொடுத்தார்.

அவர் கேலிக்குச் சொன்னதை நான் நிஜமாகவே செய்தேன். தறியை நிறுத்திவிட்டு மூன்று பகல் எழுதினேன். குட்டி தேடிய நாளெல்லாம் தாய் யானையும் எதிர்த்திசையிலிருந்து தேடி வந்துகொண்டுதான் இருந்தது. இரண்டும் ஒரு சுனையில் சந்தித்தன. தாள்களைக் கஞ்சி தொடாமல் சிவப்பு நூலால் தைத்தேன்.

அன்று மாலை படித்து முடித்தபோது வாசலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. மகள் தாளைத் தடவிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் மட்டும் எங்கயுமே நிக்காமப் படிச்சீங்க."

"எழுத்துப் பெருசா இருக்குது சாமி."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, இன்னொருக்காப் படிங்க" என்றாள். சுனை வருவதற்குள் தூங்கிவிட்டாள். கிழக்கே பார்க்கவில்லை.

மனைவி கைக்குழந்தையோடு வந்த வாரம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பெரியவர் கடைசித் தாள்களை நின்றபடியே படித்தார். பிறகு அலமாரியில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"ஆடு நல்லாத்தான் எழுதியிருக்குதுங்க."